முதுகுவலிக்குச் சேர்ந்த யோகா வகுப்பு: மாற்றலாமா?

மாற்றிவிடுங்கள் அண்ணாச்சி. முதுகுப் பிடிப்புக்காகச் சேர்ந்து ஒரு மாதத்தில் வலி கூடியிருக்கிறது என்கிறீர்கள். விடிகாலை 6 மணிக்குக் கூட்டமாக நிறுத்தி வேகவேகமாகச் சூரிய நமஸ்காரம் போடவைக்கும் வகுப்பு எடை குறைக்க வந்தவர்களுக்குச் சரி, உங்களுக்கு இல்லை. திருநெல்வேலி டவுனில் உட்கார்ந்து கடைக் கணக்கு எழுதுகிறவருக்கு ஆள் குறைவான மாலை வகுப்புதான் தோது.

எனக்குச் சந்தேகம், சூரிய நமஸ்காரத்தில் நின்றபடி குனிந்து தரையைத் தொடும் பாதஹஸ்தாசனத்தின் மேல்தான். நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் தொடையின் பின்தசை இறுகிப்போகும். முட்டி மடங்காமல் தரையைத் தொடப் போனால் இடுப்பு அசையாது, கீழ்முதுகுதான் வளைந்து சுமையை வாங்கும். போதாததற்கு, இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அதனால் எழுந்த சூட்டோடு குனிவது இன்னும் மோசம்.

அடுத்து பாளையங்கோட்டைப் பக்கம் பார்த்தாலும் சரி, வண்ணார்பேட்டையில் பார்த்தாலும் சரி, பணம் கட்டும் முன் ஒருநாள் போய்ப் பாருங்கள். "குனிந்தால் வலிக்கு, அதுக்குப் பதில் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். முட்டியை மடக்கச் சொல்லியோ, குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனம் மாதிரி ஒன்றைக் கொடுத்தோ, பக்கத்தில் வந்து நின்று பார்க்கிறவரிடம் சேரலாம். "பழகப் பழகச் சரியாயிரும்" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஏசியும் வழவழப்பான விரிப்பும் எல்லாம் அப்புறம்.

ஒன்று மட்டும். வலி காலுக்கு இறங்கினாலோ கால் மரத்தாலோ எந்த வகுப்பும் வேண்டாம், முதலில் ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர் அடக்க முடியாமல் போனால் அன்றைக்கே போங்கள்.