பேஸ்மேக்கர் வைத்த பிறகும் அசதி தீரவில்லையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரைக்குப் பத்து வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், பிரஷருக்கும் மாத்திரை உண்டு. இரண்டரை மாதத்துக்கு முன் அடுப்படியில் நின்றபடியே மயங்கி விழுந்தார். பல்ஸ் 34தான் இருந்தது. 'கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்' என்று சொல்லி மறுநாளே பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதன்பிறகு மயக்கம் வரவில்லை. ஆனால் அசதி போகவில்லை. வாசல் வரை நடந்தாலே உட்கார்ந்துவிடுகிறார். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். கழுத்தில் ஏதோ 'திக் திக்' என்று அடிப்பதாகச் சொல்கிறார். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் 'மெஷின் வைத்த உடம்பு, கையைத் தூக்காதே' என்று சொல்லிச் சொல்லி, இடது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு படுத்தே கிடக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வி.வி.ஐ., 60' என்று இருக்கிறது. இரண்டு வயர் உள்ள மெஷினும் உண்டு, விலை கூடுதல் என்றார்கள். எங்களால் முடிந்தது ஒரு வயர்தான். அதனால்தான் இப்படியா? இல்லை, வயசானால் இப்படித்தான் இருக்குமா? மூன்று மாதத்தில் செக்கப் வரச் சொன்னார்கள், இன்னும் போகவில்லை.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

மருத்துவர் பதில்:

வயதைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த அசதியை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பேஸ்மேக்கர் வைத்த முதல் இரண்டு மூன்று வாரம் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருப்பது இயல்பு. 34 பல்ஸில் எத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்ததோ தெரியாத உடம்பு. அதோடு விழுந்த அதிர்ச்சி, ஆஸ்பத்திரியில் தூக்கமில்லாத இரவுகள், தையல் வலி. இதெல்லாம் தேற நாள் பிடிக்கும். ஆனால் இரண்டரை மாதத்தில் உங்கள் அம்மா விழுவதற்கு முந்தைய நாட்களைவிடத் தெம்பாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் காரணம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும், பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த 'வி.வி.ஐ., 60'. முதல் 'வி', மெஷின் இதயத்தின் கீழ் அறையைத் துடிக்க வைக்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது 'வி', அதே கீழ் அறையில் சொந்தத் துடிப்பு வருகிறதா என்று கவனிக்கிறது என்பது. 'ஐ' என்றால், சொந்தத் துடிப்பு வந்துவிட்டால் மெஷின் தன் துடிப்பை நிறுத்திக்கொள்ளும். 60 என்பது நிமிடத்துக்குக் குறைந்தபட்சத் துடிப்பு.

இப்போது உங்கள் அம்மா படி ஏறுவதை நினைத்துப் பாருங்கள். நம் எல்லோருக்கும் படி ஏறினால் பல்ஸ் 100, 110 என்று தானாக ஏறும். அம்மாவுக்கும் மேல் அறை வேகமாகத்தான் துடிக்கிறது. ஆனால் ஹார்ட் பிளாக் என்பதே அந்தச் செய்தி கீழே இறங்காத நோய். கீழ் அறைக்கு மெஷின் சொல்வதுதான் கணக்கு. மெஷின் 60 என்று நிலையாக வைக்கப்பட்டிருந்தால், படுத்திருக்கும்போதும் 60, மாடிப்படியிலும் 60. தொடைத் தசை கூடுதல் ரத்தம் கேட்கிறது, இதயத்தால் போதிய அளவு கொடுக்க முடியவில்லை. பாதிப் படியில் நிற்பதற்கு இதுவே போதும்.

இதற்காகவே பெரும்பாலான மெஷின்களில் ஒரு வசதி இருக்கிறது. ரேட் ரெஸ்பான்ஸ் என்பார்கள். உள்ளே இருக்கும் சென்சார் உடம்பின் அசைவை உணர்ந்து, நடந்தால் துடிப்பைக் கூட்டும், உட்கார்ந்தால் குறைக்கும். அது வேலை செய்தால் 'வி.வி.ஐ.ஆர்.' என்று எழுதுவார்கள். உங்கள் சம்மரியில் அந்த 'ஆர்' இல்லை. அணைத்து வைத்திருக்கலாம், அல்லது எழுதும்போது விட்டுப்போயிருக்கலாம். மெஷினைச் சோதித்துப் பார்த்தால்தான் உறுதியாகும். அதற்குக் கத்தி வேண்டாம், ஊசியும் வேண்டாம். நெஞ்சின் மேல் ஒரு வட்டக் கருவியை வைத்து, புரோகிராமர் என்ற கம்ப்யூட்டரில் செட்டிங்கைப் படிப்பார்கள், அதிலேயே மாற்றியும் விடுவார்கள். அப்போதே முடிந்துவிடும்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அம்மா பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் உங்கள் இரண்டு விரலை வைத்து ஒரு முழு நிமிடம் பல்ஸை எண்ணுங்கள். பிறகு வீட்டுக்குள்ளேயோ வாசலிலோ ஐந்து நிமிடம் மெதுவாக நடக்க வைத்து, நின்ற உடனே மறுபடி எண்ணுங்கள். மூச்சு அதிகம் வாங்கினால் நடுவிலேயே நிறுத்திவிடலாம். இரண்டு முறையும் 60தான் என்றால் அதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். டாக்டருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் கிடையாது. பி.பி. மெஷினோ விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரோ காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். இடையில் கூடுதல் துடிப்பு வந்தால் அவை பல்ஸைக் குறைத்துக் காட்டிப் பயமுறுத்திவிடும்.

அடுத்து அந்தக் கழுத்துத் துடிப்பு. இதை நீங்கள் கேட்டு எழுதியது நல்லதாயிற்று. பலர் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். மேல் அறை சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ள, அது நிரம்பிய பிறகு கீழ் அறை துடிக்க வேண்டும் என்பது இயற்கையான வரிசை. கீழ் அறை நிரம்புவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மேல் அறையின் இந்தத் தள்ளலில் வருகிறது. ஒரு வயர் மெஷின் மேல் அறையைக் கவனிப்பதில்லை. அதனால் சில துடிப்புகளில் இரண்டும் ஒரே நேரத்தில் சுருங்கும். மேல் அறை மூடிய வால்வின் மேல் மோதும், ரத்தம் கழுத்து ரத்தக் குழாய்க்கே திரும்பி அடிக்கும். அதுதான் அந்த 'திக் திக்'. சிலருக்கு இதோடு அசதி, மூச்சுத் திணறல், கிறுகிறுப்பு, பிரஷர் இறங்குவது எல்லாம் சேர்ந்துகொள்ளும். இதற்கு 'பேஸ்மேக்கர் சிண்ட்ரோம்' என்று பெயர். வெறும் கழுத்துத் துடிப்பு மட்டும் இருந்து, ரேட் ரெஸ்பான்ஸ் போட்ட பிறகு அசதி போய்விட்டால் கவலையில்லை. செட்டிங் மாற்றியும் மூச்சு வாங்கலும் கிறுகிறுப்பும் தொடர்ந்தால், மேல் அறைக்கும் ஒரு வயர் சேர்த்து இரட்டை வயர் மெஷினாக மாற்ற வேண்டுமா என்று நேரடியாகக் கேளுங்கள். அது இன்னொரு முறை அறுவை அரங்கம், இன்னொரு செலவு. அதனால்தான் முதலில் செட்டிங், பிறகு இது.

விலை குறைந்ததை வைத்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சி உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அது வேண்டாம். பிரிட்டனில் 70 வயதைக் கடந்த, ஹார்ட் பிளாக் உள்ள 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு வயர், இரண்டு வயர் இரண்டையும் ஒப்பிட்டு யுகேபேஸ் என்ற ஆய்வு நடந்தது. 2005இல் முடிவு வந்தது. உயிர் பிழைத்திருப்பதில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. உங்கள் அம்மா அந்த வயதுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். அன்றைக்கு அம்மாவுக்குத் தேவைப்பட்டது உயிருக்குக் காவல். அதை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள்.

மெஷினோடு நிறுத்தாமல் ரத்தத்தையும் பாருங்கள். பத்து வருட மெட்ஃபார்மின் பி12 சத்தைக் குறைக்கக்கூடியது. பி12 குறைந்தால் அசதியும் கால் மரத்துப்போவதும் வரும். ஹீமோகுளோபின், தைராய்டு, கிரியாட்டினின், சோடியம், மூன்று மாதச் சர்க்கரை இவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். பிரஷர் மாத்திரை நீர் பிரியும் வகையாக இருந்தால் சோடியம் குறைந்து, வயதானவர்கள் துவண்டுபோவார்கள். டிஸ்சார்ஜின்போது புது மாத்திரை ஏதாவது சேர்த்தார்களா என்றும் பாருங்கள். மெட்டோப்ரோலால் போன்ற, துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளை மெஷின் இருக்கும் தைரியத்தில் தருவது உண்டு. அவற்றாலும் அசதி வரும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

எக்கோ என்ற இதய ஸ்கேன் ஒன்றும் தேவை. அம்மாவுக்கு ஏறக்குறைய எல்லாத் துடிப்பும் மெஷினிலிருந்துதான் வரும். வலது கீழ் அறையிலிருந்தே எப்போதும் துடிக்க வைத்தால், சிலருக்கு மாதங்களோ வருடங்களோ கழித்து இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறையும். இப்போதே அது நடந்திருக்க வாய்ப்பு குறைவு. என்றாலும் அசதி இருப்பதால் இப்போது ஒரு எக்கோ, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஒன்று. குறைவது தெரிந்தால் வயர் வைக்கும் இடத்தை மாற்றும் சிகிச்சைகள் இன்று இருக்கின்றன.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது அந்த மடியில் கிடக்கும் கைதான். கையைத் தூக்காதே என்பது முதல் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கான அறிவுரை. வயர் இதயத்துக்குள் பிடித்துக்கொள்ளும் வரை முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம், கனம் தூக்க வேண்டாம், அவ்வளவுதான். அந்த நாட்களிலேயே கையைக் கீழ் மட்டத்தில் அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டரை மாதம் அசையாமல் வைத்தால் தோள் இறுகிவிடும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம். இன்றே பாருங்கள்: அம்மாவால் இடது கையைப் பின்னால் கொண்டுபோய் ஜாக்கெட்டை இழுத்துச் சரிசெய்ய முடிகிறதா? பின்னலில் பூ வைத்துக்கொள்ள முடிகிறதா? முடியவில்லை என்றால் தோள் இறுகத் தொடங்கிவிட்டது.

வலது கையை மேசையில் ஊன்றி, லேசாகக் குனிந்து, இடது கையைத் தளரத் தொங்கவிட்டு முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். பிறகு சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சுவரில் படிப்படியாக மேலே நகர்த்த வேண்டும். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தி, மறுநாள் அதற்கு ஒரு விரற்கடை மேலே. தோள் ஏற்கெனவே இறுகியிருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போங்கள். நிறைகுடத் தண்ணீர் 15 கிலோவுக்குப் பக்கம் வரும். அதை மட்டும் செக்கப்பில் கேட்டுக்கொண்டு தூக்கலாம். மெஷின் இருக்கும் இடத்தில் உள்ளாடைப் பட்டி உரசினால் அடியில் மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைக்கலாம்.

படுக்கையும் அசதியை வளர்க்கும். வயதானவர்களின் கால் தசை படுத்த சில நாட்களிலேயே கரையத் தொடங்கிவிடும். காலையும் மாலையும் ஐந்து ஐந்து நிமிட நடையில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டுங்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. பார்க்க வரும் உறவினர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள். உலகிலேயே முதன்முதலில், 1958இல், ஸ்வீடனில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர் ஆர்னே லார்சன். முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. அதன்பிறகு 20க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 86 வயது வரை, 2001 வரை வாழ்ந்தார். 'மெஷின் வைத்த உடம்பு' என்று யாராவது தொடங்கினால் இதைச் சொல்லலாம்.

சிலவற்றுக்கு மட்டும் செக்கப் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. மறுபடி மயக்கமோ கண் இருட்டலோ வந்தால், கையால் எண்ணிய பல்ஸ் 60க்குக் கீழே திரும்பத் திரும்ப வந்தால், விடாத விக்கலோ வயிறு நெஞ்சில் துள்ளலோ இருந்தால், திடீரென்று நெஞ்சுவலி மூச்சுத் திணறல் வந்தால், இடது கை முழுதும் வீங்கினால் அன்றே போங்கள். மெஷின் மேல் தோல் சிவந்து, வீங்கி, நீர் கசிந்தாலும், காரணமில்லாத காய்ச்சல் விடாவிட்டாலும், மெஷின் வைத்த ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். வேறு எங்கும் அதில் ஊசி போட்டுச் சீழ் எடுக்க விடாதீர்கள். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சமாளிக்கவும் கூடாது.

மிக்ஸி, கிரைண்டர், டி.வி. எதற்கும் பயம் வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கட்டும். செல்போனை வலது காதில் பேசட்டும், ரவிக்கைக்குள் மட்டும் வைக்கக் கூடாது.

மூன்று மாதம் முடியட்டும் என்று இருக்காமல் இந்த வாரமே போய்விடுங்கள். மெஷின் கார்டு, சம்மரி, எல்லா மாத்திரை அட்டைகள், நீங்கள் எழுதிய பல்ஸ் கணக்கு இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரேட் ரெஸ்பான்ஸ் போட்டிருக்கிறதா, வயர் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா, எத்தனை சதவீதம் மெஷின் துடிக்க வைக்கிறது என்று கேளுங்கள். செட்டிங்கை மாற்றிய கையோடு வீட்டுக்குக் கிளம்பாமல், அங்கேயே வராந்தாவில் அம்மாவை நாலு நடை நடக்க வைத்துப் பல்ஸை எண்ணுங்கள். ஏறவில்லை என்றாலோ, அளவுக்கு மீறிப் படபடத்தாலோ, உள்ளே திரும்பிப் போய் இன்னொரு முறை மாற்றித் தரச் சொல்லலாம். இப்படி இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்ப்பது வழக்கமான ஒன்றுதான், கேட்கத் தயங்காதீர்கள்.