கொரோனா காலத்தில் ஜூரி அழைப்பு வந்திருக்கிறது, வீட்டில் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர் இருக்கிறார்: போகலாமா?

மருத்துவர் பதில் | மே 2021

கேள்வி: எனக்கு 57 வயது. வெம்பிளியில் இருக்கிறோம். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் எடுக்கிறேன். ஜூன் 28-ம் தேதி பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டில் ஜூரி சேவைக்கு (பொதுமக்களில் பன்னிரண்டு பேர் வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லும் பணி) வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. மார்ச் 25-ல் கொரோனாவுக்கு ஆஸ்ட்ராஜெனகா முதல் ஊசி போட்டேன், இரண்டாவது ஜூன் 17-ல். என் கணவருக்கு நான்கு வருடம் முன்பு சிறுநீரக மாற்று சிகிச்சை நடந்தது. அவருக்கு இரண்டு ஊசியும் முடிந்துவிட்டது. பதினோரு பேரோடு இரண்டு வாரம் மூடிய அறையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவருக்கு என்ன ஆகுமோ என்று தூக்கம் வரவில்லை. "கோர்ட்டில் கண்ணாடித் தடுப்பு வைத்திருக்கிறார்கள், பயப்படாதே" என்கிறார் என் தோழி. போகலாமா டாக்டர்? (வாசகி, லண்டன்)

பதில்: இன்றே ஒரு வேலை செய்யுங்கள் அம்மா. இரண்டாவது ஊசியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு ஊசிக்கும் இடையிலான காலத்தை 12 வாரத்திலிருந்து 8 வாரமாகக் குறைக்கும்படி மே 14-ல் அறிவித்துவிட்டார்கள். உங்களுக்கு எட்டு வாரம் மே 20-லேயே முடிந்துவிட்டது. ஜூன் 17 வரை காத்திருந்தால் கோர்ட்டுக்குப் போகும் நாளன்று ஊசி போட்டுப் பதினோரு நாள்தான் ஆகியிருக்கும். ஊசி முழுப் பலன் தர இரண்டு வாரமாவது வேண்டும். இப்போது பரவிவரும் பி.1.617.2 என்ற கொரோனா வைரஸ் வகையை ஒரே ஊசி சரியாகத் தடுப்பதில்லை. நோய்க்குறியோடு வரும் தொற்றுக்கு எதிராக ஒரு ஊசி தரும் பாதுகாப்பு சுமார் 33 விழுக்காடு. ஆஸ்ட்ராஜெனகா இரண்டும் போட்டால் சுமார் 60 என்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை மே 22-ல் கணக்குச் சொல்லியிருக்கிறது. ஜூன் முதல் வாரத்துக்குள் போட்டுவிட்டால் உங்கள் கவலையில் பாதி குறையும்.

மீதிப் பாதி உங்கள் கணவரைப் பற்றியது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க அவர் எடுக்கும் மாத்திரைகள் (பெரும்பாலும் டாக்ரோலிமஸும் மைக்கோஃபினலேட்டும்) ஊசியின் வேலையையும் சேர்த்தே மட்டுப்படுத்துகின்றன. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், முதல் ஊசிக்குப் பிறகு 17 விழுக்காட்டினரிடம்தான் எதிர்ப்புப்பொருள் தென்பட்டது. இரண்டாவதுக்குப் பிறகும் 54 விழுக்காடுதான். ஆகவே "இரண்டு ஊசியும் முடிந்துவிட்டது" என்பதை அவர் விஷயத்தில் முழுக் கவசமாக நினைக்காதீர்கள். அதற்காக மாத்திரையை ஒரு வேளைகூடக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. அதில் சிறுநீரகமே போய்விடலாம்.

இனி கண்ணாடித் தடுப்பு. உங்கள் தோழி சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை. இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் பெரிய துளிகளை அந்தத் தடுப்பு நிறுத்தும். ஆனால் இந்த வைரஸ் மூச்சோடு வெளிவரும் மிக நுண்ணிய துகள்களிலும் இருக்கிறது. அவை ஊதுபத்திப் புகை போலக் காற்றில் மிதந்து தடுப்பைச் சுற்றி வந்துவிடும். சமையலறையில் மிளகாய் தாளித்தால் கூடத்தில் இருப்பவருக்கு இருமல் வருகிறதல்லவா, நடுவில் ஒரு தட்டியை வைத்தால் அது நிற்குமா? ஜன்னலைத்தான் திறக்க வேண்டும். கோர்ட்டிலும் அப்படியே. தடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பதைவிடக் காற்று எப்படி வருகிறது என்று பாருங்கள்.

கோர்ட் ஹாலைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. 2020 மார்ச் 23-ல் நிறுத்தப்பட்ட ஜூரி விசாரணைகள் மே 18-ல் லண்டனின் ஓல்ட் பெய்லி கோர்ட், வேல்ஸின் கார்டிஃப் போன்ற சில இடங்களில் மறுபடி தொடங்கியபோது ஒரு வழக்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஹால்களை ஒதுக்கினார்கள். விசாரணை ஒன்றில். ஜூரிகள் கூடிப் பேசுவது இன்னொன்றில். பத்திரிகையாளர்களும் பொதுமக்களும் வேறொரு அறையில் திரையில் பார்த்தார்கள். ஸ்காட்லாந்தில் ஜூரிகள் பதினைந்து பேர், ஹால்கள் போதவில்லை. அதனால் அதே ஆண்டு செப்டம்பர் முதல் அவர்களை சினிமா தியேட்டரில் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, கோர்ட்டில் நடப்பதைப் பெரிய திரையில் காட்டினார்கள். மருத்துவராகச் சொன்னால் அது மிக நல்ல யோசனை. உயர்ந்த கூரை, ஆள் எண்ணிக்கைக்கு மிஞ்சிய காற்று, எல்லோர் முகமும் ஒரே திசையில், வாயைத் திறந்து பேசுபவர் யாருமில்லை. கோர்ட் ஹாலிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுகிறார்.

ஆபத்து தொடங்குவது கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில், அதாவது ஜூரி அறையில். உரக்கப் பேசப் பேச நுண்துகள்கள் பல மடங்கு வெளியேறும், வாதம் சூடுபிடித்தால் முகக்கவசம் தானாக மூக்கிலிருந்து இறங்கும். கணக்கைப் பாருங்கள். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரமுள்ள அறையில் இருப்பது 81 கன மீட்டர் காற்று. உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார், பன்னிரண்டு பேர் 216 லிட்டர். வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு). எல்லாம் மூடியிருந்தால் அரை மணி நேரத்தில் 1,700-ஐத் தாண்டிவிடும். 1,500-க்கு மேலேயே நிற்கும் அறையில் நீங்கள் மற்றவர்கள் விட்ட மூச்சைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று வந்தால், அதாவது அந்த அறைக்கு மணிக்கு 432 கன மீட்டர், அளவு 900-ஐ ஒட்டி நின்றுவிடும். அது போதும். ஜன்னல் திறக்காத அறையானால் மணிக்கு 300 கன மீட்டர் காற்றைச் சுத்திகரிக்கும் ஹெப்பா இயந்திரம் ஒன்று பெரிய உதவி. ஆனால் அது கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது, வைரஸைத்தான் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடு மீட்டரைப் பார்த்து இயந்திரம் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

ஆகவே போவதற்கு முன் ஜூரி அலுவலகத்துக்குப் போன் செய்து கேளுங்கள். கலந்து பேசுவதற்கு வேறொரு கோர்ட் ஹால் தருகிறார்களா, வழக்கமான சின்ன அறையா? அந்த அறையில் ஜன்னல் திறக்குமா, இல்லையென்றால் வெளிக்காற்று இயந்திரத்தின் மூலம் வருகிறதா, உள்காற்றையே குளிரவைத்துச் சுற்றவிடுகிறார்களா? (வெயில் நாளில் ஏசி ஜில்லென்று இருப்பதைப் பார்த்துக் காற்றோட்டம் இருக்கிறது என்று ஏமாந்துபோகிறவர்கள் அதிகம்.) மதியச் சாப்பாடு எங்கே? வழக்குக்கு அழைக்கப்படும் வரை காத்திருப்பது எங்கே? காத்திருக்கும் கூடமும் சாப்பாட்டு மேசையும்தான் பலரும் மறந்துவிடும் இடங்கள். டெக்சஸ் மாநிலத்தின் ஷெர்மன் நகரில் 2020 நவம்பரில் ஒரு ஜூரி விசாரணையின் நடுவே ஜூரிகளுக்கும் வழக்கறிஞர் தரப்பினருக்கும் தொற்று பரவி, விசாரணையையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. கோர்ட்டுக்குள் விதிமுறை இருந்தால் மட்டும் போதாது. சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு போய், மழையில்லாத நாளில் வெளியே உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுங்கள்.

கூடிப் பேசும் நாளில் ஐம்பது நிமிடத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் எல்லோரும் வெளியே வந்து, ஜன்னலை அகலத் திறந்துவிடலாமா என்று ஜூரித் தலைவர் மூலம் அஷரிடம் (ஜூரிகளைக் கவனித்துக்கொள்ளும் கோர்ட் ஊழியர்) கேளுங்கள். இது சலுகை கேட்பதல்ல. ஒன்று கவனம்: பன்னிரண்டு பேரும் அறைக்குள் இருக்கும்போது மட்டும்தான் வழக்கைப் பற்றிப் பேசலாம், இடைவேளையில் இரண்டு பேர் நடைபாதையில் பேசிக்கொள்ளக் கூடாது.

முகக்கவசத்துக்குத் துணியை விடுங்கள். எஃப்எஃப்பி2 வாங்குங்கள், நுண்துகளில் குறைந்தது 94 விழுக்காட்டை வடிகட்டும். ஆனால் முகத்தோடு ஒட்டவில்லை என்றால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. மூக்கின் மேலுள்ள கம்பியை ஒரு கையால் கிள்ளாமல், இரண்டு கை விரல்களாலும் இரு பக்கமும் அழுத்திப் பதியுங்கள். பிறகு பலமாக மூச்சு விடுங்கள். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே கசிகிறது, கன்னத்தில் காற்று பட்டால் பக்கத்தில் கசிகிறது. மூக்குத்தி போட்டிருந்தால் அந்த இடத்திலும் பாருங்கள். நாளுக்கு இரண்டு கொண்டுபோங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு புதியதை மாட்டுங்கள். முகத்தின் முன் தொங்கும் பிளாஸ்டிக் கவசம் இதற்கு மாற்றல்ல. சாட்சி சொல்பவர் முகம் ஜூரிக்குத் தெரிய வேண்டும் என்பதால் அவர் கவசத்தைக் கழற்றினால் பதற வேண்டாம், தொலைவில் ஒரே ஒருவர். கோப்புகளையும் சான்றுப் பொருள்களையும் தொடுவதற்குக் கையுறை தேவையில்லை. பொருளைத் தொட்டுத் தொற்றுவது மிக அரிது. தொட்டபின் கைக்கிருமிநாசினி போட்டால் போதும்.

உங்கள் சர்க்கரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அது முக்கியம். கோர்ட்டில் சாப்பாடு ஒரு மணிக்கு என்பார்கள், சாட்சியை முடித்துவிடலாம் என்று சில நாள் தள்ளிப்போகும். மெட்ஃபார்மின் மட்டுமென்றால் பரவாயில்லை, கிளிக்லசைடு எடுப்பவருக்குச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கும். கவசத்தைக் கழற்றத் தயங்கித் தண்ணீரும் குடிக்காமல் இருப்பார்கள். முதல் நாளே ஜூரி அலுவலரிடம் சொல்லிவையுங்கள். குளுக்கோஸ் மாத்திரைகள் கையில் இருக்கட்டும். வியர்த்து நடுங்கினால், அல்லது அளவு 4-க்குக் கீழே போனால், 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ், பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். (இதைப் படிக்கும் வேறு சர்க்கரைக்காரர்களுக்கு: தோலில் ஒட்டும் சென்சாரைச் செல்போனில் படிப்பவராக இருந்தால், கூடிப் பேசும்போது செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அளவைப் படிக்கும் தனிக் கருவியைக் கொண்டுபோக முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.)

இலவச விரைவுப் பரிசோதனைக் கிட் ஏப்ரல் 9 முதல் எல்லோருக்கும் கிடைக்கிறது. சேவை நடக்கும் வாரங்களில் ஞாயிறு இரவும் புதன் இரவும் செய்யுங்கள், பெட்டியில் சொல்லியிருக்கும் நிமிடத்தில்தான் முடிவைப் படிக்க வேண்டும், முந்தியும் பிந்தியும் அல்ல. இரண்டு கோடு வந்தால் வீட்டிலிருந்துகொண்டு பிசிஆர் எடுங்கள். ஒரே கோடு என்றால் தொற்று இல்லை என்று உறுதியாகிவிடாது. அதனால் சேவை நடக்கும் வரையிலும், முடிந்து பத்து நாள் வரையிலும் கணவரும் நீங்களும் வேறு அறையில் தூங்குங்கள், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டாம், பொதுவான இடத்தில் இருவரும் கவசம் போட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். வந்ததும் உடையை வெந்நீரில் ஊறவைப்பது, பையை டெட்டால் போட்டுத் துடைப்பது எல்லாம் வேண்டாம், அந்த நேரத்தில் கையைக் கழுவிவிட்டு ஓய்வெடுங்கள்.

போகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ஜூரி சேவையை ஒரு முறை, பன்னிரண்டு மாதத்துக்குள் ஒத்திவைக்கக் கேட்கலாம். உங்களுடைய சர்க்கரையை மட்டும் காரணமாகச் சொன்னால் ஏற்பது சந்தேகம். கணவரின் மாற்றுச் சிறுநீரகம் வலுவான காரணம். கடிதம் கிடைத்து ஏழு நாளுக்குள் பதில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம் விழலாம். அவருடைய சிறுநீரக மருத்துவரிடம் இந்த வாரமே ஒரு குறிப்பு வாங்கி இணையுங்கள்.

ஆனால் எந்த மாதத்துக்கு ஒத்திவைப்பது என்று யோசித்தீர்களா? பலர் "ஆறு மாதம் போகட்டும்" என்று எழுதி டிசம்பரில் மாட்டிக்கொள்கிறார்கள். குளிர்காலத்தில் யார் ஜன்னலைத் திறப்பார்கள்? என் கருத்து இது: ஊசி ஜூன் முதல் வாரத்துக்குள் கிடைத்து, ஜன்னல் திறக்கும் அறையோ பெரிய ஹாலோ தருகிறார்கள் என்றால் ஜூன் 28-ல் போங்கள். கிரவுன் கோர்ட்டுகளில் ஏறக்குறைய 60,000 வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன, பாதிக்கப்பட்டவர்களும் குற்றம் சாட்டப்பட்டவர்களும் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நீங்கள் போவது சிறிய உதவியல்ல. ஊசி முந்தவில்லை, அல்லது கணவரின் மருத்துவர் வேண்டாம் என்கிறார் என்றால் செப்டம்பர் முதல் பாதியைக் கேளுங்கள். அக்டோபருக்கு மேல் தள்ளாதீர்கள்.

போன பிறகு ஒரு நாள் காலையில் இருமலோ காய்ச்சலோ வந்தால், அல்லது மணமோ சுவையோ தெரியவில்லை என்றால், "வழக்கு என்னால் கெட்டுவிடுமே" என்று மறைக்காதீர்கள். பலர் செய்யும் தவறு இதுதான். சட்டப்படி ஒரு ஜூரி விலகினால் பதினொருவரோடு வழக்கு நடக்கும். ஒன்பது பேர் மிஞ்சும் வரை நடத்தலாம். மறைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் இரண்டு மீட்டருக்குள் கால் மணி நேரம் இருந்த அத்தனை பேரும் பத்து நாள் தனிமைக்குப் போக வேண்டும், அப்போதுதான் வழக்கு கெடும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ஜூரி அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள், பிசிஆருக்குப் பதிவு செய்யுங்கள், கணவரின் மாற்றுச் சிகிச்சைப் பிரிவுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.