புலி ஒரே அடியில் மாட்டைக் கொன்றுவிடுமா? அதன் பலம் உண்மையில் எவ்வளவு?

பெரும்பாலும் அடித்தே கொல்லாது, அப்புறம் எங்கே ஒரே அடி? நீங்கள் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சிவப்பு அம்புக்குறி போட்டு "ஒரே அறை, மாடு காலி" என்று தலைப்பு வைத்திருப்பார்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படி ஒரு வீடியோவில் எங்கள் வீட்டு மாடும் வந்திருக்கிறது, செத்த பிறகு.

முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டி, மசினகுடிப் பக்கம் மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. நான் விலங்கியல் படித்தவன் இல்லை. கமெண்டில் வந்து ஆதாரம் எங்கே என்று கேட்கப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: கண்ணால் பார்த்ததையும், காட்டுக்குள் வேலை செய்கிறவர்களிடம் கேட்டதையும், கொஞ்சம் படித்ததையும் கலந்துதான் எழுதுகிறேன்.

சாயங்காலம் பட்டிக்குத் திரும்பிய மாடுகளில் செவலை மட்டும் இல்லை. இருட்டிய பிறகு தேடப்போகக் கூடாது என்று அப்பா தடுத்துவிட்டார். காலையில் அப்பாவும் சித்தப்பாவும் நானும் போனோம், கூட ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணனும் வந்தார். மேய்ச்சல் தரையில் ஓரிடத்தில் மண் கிளறிக் கிடந்தது. அங்கிருந்து உண்ணிச்செடிப் புதருக்குள் ஒரு ஆள் அகலத்துக்குப் பாதை போட்டதுபோல் புல் படிந்திருந்தது. முள்ளில் கொத்துக் கொத்தாகச் செவலையின் மயிர். அந்தத் தடம் கீழ்நோக்கிப் போகவில்லை, மேட்டில் ஏறிப்போனது. கடைசியில் மாடு கிடந்த இடம் நன்றாக நூறு அடிக்கு மேல் தள்ளி.

ரத்தம் வழிந்து கிடக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படி ஒன்றும் இல்லை. காவலர் அண்ணன் தொண்டைப் பக்கத்து மயிரை விரலால் விலக்கிக் காட்டினார். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு துளைகள், அவ்வளவுதான். "பல்லுக்குப் பல் இடைவெளியைப் பாரு தம்பி, சிறுத்தைன்னா இவ்வளவு அகலம் வராது" என்றார். பிறகு கால்நடை மருத்துவர் வந்து தோலை உரித்தபோதுதான் தெரிந்தது, உள்ளே கழுத்துச் சதை முழுக்கக் கறுத்து ரத்தம் கட்டியிருந்தது. பின் தொடையிலிருந்து தின்னத் தொடங்கியிருந்தது. இரைப்பையைத் தனியே இழுத்து ஒதுக்கிப் போட்டிருந்தது, அதைத் தின்னாதாம்.

புலி கொல்லும் விதம் இதுதான். முன்னங்காலால் பிடித்து இழுத்துச் சாய்க்கும். பெரிய இரை என்றால் தொண்டையைக் கவ்வி மூச்சு நிற்கும்வரை விடாது, அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். விழுகிற வேகத்தில் கழுத்து முறிந்துபோவதும் உண்டு. சின்ன இரை என்றால் பிடரியில் ஒரு கடி. கோரைப்பல் ஒவ்வொன்றும் 6, 7 சென்டிமீட்டர் நீளம். காலால் அறையும், அறைந்தால் வலிக்காமலா இருக்கும்? ஆனால் மாட்டைக் கொல்வது அந்தப் பிடியும் கடியும்தான்.

பலம் எவ்வளவு என்று கேட்டீர்கள். மருத்துவர் மறுபக்கம் பார்க்கவேண்டும் என்றபோது, பாதி தின்னப்பட்டுக் கிடந்த அந்த மாட்டைப் புரட்டவே நாங்கள் நாலைந்து ஆம்பிளைகள் மூச்சு வாங்கினோம். அதை முழு உடம்போடு, புதருக்குள், மேட்டில், வாயால் கவ்வி ஒரே உயிர் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நன்கு வளர்ந்த ஆண் புலி 200 கிலோவைத் தாண்டும், பெண் புலி 100 முதல் 160 கிலோ வரை. ஒரு ராத்திரியில் 20, 30 கிலோ கறி தின்றுவிடும்.

இவ்வளவு பலம் இருந்தும் அதன் வேட்டையில் பெரும்பகுதி தோல்விதான். பத்து, இருபது முயற்சிக்கு ஒன்று தேறினால் உண்டு என்கிறார்கள். நீண்ட தூரம் துரத்த அதற்கு மூச்சு கிடையாது. அதனால் புதர் மறைவில் பக்கத்தில் வரும்வரை பதுங்கி வந்து, கடைசியில்தான் பாயும். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற அந்த ஆரஞ்சு நிறம் மானுக்கு அப்படித் தெரியாது. சிவப்பைப் பிரித்தறிகிற கண் மானுக்கு இல்லை, புலி பச்சையோடு பச்சையாகிவிடும். அப்படியும் ஒரு மந்தி மரத்திலிருந்து பார்த்துக் கத்திவிட்டால், அல்லது கடமான் ஒரு குரல் கொடுத்துவிட்டால், காரியம் கெட்டது. எழுந்து வேறு பக்கம் போய்விடும். வாரம் ஒரு பெரிய இரை கிடைத்தால் போதும் அதற்கு.

காயம் என்றால் அதற்குப் பயம், பயப்படத்தான் வேண்டும். காட்டெருமைக் கடா ஒன்று 800, 900 கிலோ இருக்கும், கொம்பு ஒருமுறை வயிற்றில் ஏறினால் கதை முடிந்தது. முள்ளம்பன்றி முள் காலில் ஏறி, சீழ் பிடித்து, மானைப் பிடிக்க முடியாமல் மாட்டுக்கு வருகிற புலிகளும் உண்டு. 2021 அக்டோபர் 15-ம் தேதி எங்கள் பகுதியில் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்களே, டி23 என்று வனத்துறை எண் வைத்திருந்த புலி, அதுவும் வயதான, காயம்பட்ட ஆண் புலிதான். ஊரில் ஆட்களும் மாடுகளும் செத்த கோபத்தில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். எனக்கும் அன்று கோபம்தான், அதற்காக நடந்தது மாறிவிடாது.

வெறும் பலத்தைப் பார்த்தால் சிறுத்தையைத்தான் நான் மெச்சுவேன். 60 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு தன் எடைக்கு மேற்பட்ட இரையை மரத்தில் ஏற்றிவிடுகிறது. வேட்டைத் திறமை என்றால் செந்நாய். ஒன்று 15 கிலோதான் இருக்கும், கூட்டமாகச் சேர்ந்து கடமானையே ஓட ஓட விரட்டிச் சாய்த்துவிடும், அதுவும் சாகும் முன்பே தின்னத் தொடங்கிவிடும். பார்க்கச் சகிக்காது. செந்நாயை வைத்து யாரும் "கெத்து" வீடியோ போடுவதில்லை, கவனித்தீர்களா?

அந்த வீடியோக்காரர் எங்கள் அப்பாவை நிற்கவைத்து, "புலி ஒரே அறையில் அடிச்சுதா ஐயா?" என்று கேட்டார். அப்பா கழுத்தைக் காட்டி விளக்கமாகச் சொன்னார். அதையெல்லாம் வெட்டிவிட்டு, அவர் கண்ணைத் துடைத்ததை மட்டும் சோக இசையோடு போட்டிருந்தார்கள். ஊரே பார்த்தது. அப்பாவுக்கு ஒரு போன் கூட வரவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இழப்பீட்டுக்குப் போனால் மாட்டுக் காதில் மாட்டும் அடையாள வில்லை எங்கே என்றார்கள். புலி தின்ற பக்கம் காது இல்லை, நாங்கள் பக்கத்துவீட்டு மாட்டின் காதையா கொண்டுவருவது? போட்டோ தெளிவாக இல்லை, மனுவில் தேதி தப்பு, அதிகாரி லீவு, அடுத்த வாரம் வாங்க. பஸ் செலவே பாதி மாட்டு விலை ஆகியிருக்கும். கடைசியில் அப்பா போவதையே நிறுத்திவிட்டார்.

கீழே வந்து "அப்போ சிங்கமும் புலியும் மோதினால்?" என்று கேட்காதீர்கள். நம் நாட்டில் சிங்கம் குஜராத்தில் கிர் பக்கம் இருக்கிறது, எங்கள் புலி இங்கே இருக்கிறது, இரண்டும் பஸ் ஏறி வந்து சண்டை போடப்போவதில்லை. அந்தக் கமெண்டுக்கு நான் பதில் போடமாட்டேன்.