நேரில் வந்து பத்திரிகை வைக்கவில்லை

அன்புள்ள ஐயா,

நான்கு வருடங்களாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன். இது இலக்கியக் கேள்வி அல்ல, மன்னிக்கவும். கோவையில் கார் பாகங்களுக்கு மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் என்னை ஒரு புராஜெக்ட்டுக்கு 'ஒருங்கிணைப்பாளர்' ஆக்கினார்கள். ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டில் மூன்று பேர், ஜப்பானில் நகோயாவில் நான்கு பேர், இங்கே ஆறு பேர். யாரும் எனக்குக் கீழே இல்லை. யாருடைய அப்ரைசலும் (வேலைக்கான மதிப்பீடு) என் கையில் இல்லை. ஆனால் தேதி தப்பினால் பதில் சொல்ல வேண்டியது நான்.

வாரம் மூன்று நாள் மதியம் 12:30க்கு மீட்டிங். அன்றைக்கெல்லாம் சாப்பாடு ஆறிப்போகும். போன வாரம் புது அட்டவணையைத் திரையில் காட்டினேன். ஜெர்மன்காரர் ஒருவர் எல்லோர் முன்னாலும் "இது தப்பு" என்றார். ஜப்பான் பக்கம் யாரும் வாய் திறக்கவில்லை. சம்மதம் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, அந்தத் தேதி கடினம் என்று அவர்கள் மேலாளர் என் மேலாளருக்கு மெயில் அனுப்பியிருக்கிறார். நம்ம பையன்களோ எதைக் கேட்டாலும் "சரிங்க்கா" என்கிறார்கள். வெள்ளிக்கிழமை பார்த்தால் பாதிகூட முடிந்திருக்காது. பதவி இல்லாமல் இவர்களை எப்படி வேலை வாங்குவது? பேசாமல் மேனேஜர் பதவியைக் கேட்டு வாங்கிவிடலாமா?

(பெயர் வேண்டாம்), கோவை

அன்புள்ள வாசகிக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு? பதினேழு வருடம் நான் சோறு தின்றதே இந்த வேலையில்தான். நீங்கள் இப்போது விழுந்திருக்கும் குழியில் நான் முதல் வருடமே விழுந்தேன்.

நகோயாவில் ஒரு நீள மேசை. நான் அட்டவணையைக் காட்டி முடித்ததும் எதிரே இருந்த மூத்த பொறியாளர் பல்லிடுக்கில் காற்றை 'ஸ்ஸ்' என்று உள்ளே இழுத்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்து "முஸுகாஷீ" என்றார். கடினம் என்று அர்த்தம் சொன்னார் பக்கத்தில் மொழிபெயர்த்தவர். சரி, கஷ்டப்பட்டாவது முடித்துவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டேன். அந்த மேசையில் அந்தச் சொல்லுக்கு 'முடியாது' என்று பொருள். எனக்கு அது விளங்க ஐந்து வாரம் ஆயிற்று. இதில் அதிசயிக்க ஒன்றுமில்லை. கைமாற்று கேட்கப் போன இடத்தில் "பார்க்கலாம்" என்றால் நாம் மறுநாள் பையோடு போய் நிற்பதில்லையே!

ஜப்பானியரிடம் 'நெமவாஷி' என்று ஒரு சொல் உண்டு. தோட்டக்காரர்களின் சொல். வளர்ந்த மரத்தை வேறு இடத்தில் நடுவதற்கு முன் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்துவது. அலுவலகத்தில் அதற்கு, ஒரு யோசனையைக் கூட்டத்துக்குக் கொண்டுவருவதற்கு முன்பே சம்பந்தப்பட்டவர்களைத் தனித்தனியாகப் பார்த்துப் பேசி, ஆட்சேபங்களை வாங்கி, திருத்தி வைத்துக்கொள்வது என்று பொருள். கூட்டம் நடப்பதற்குள் முடிவு பெரும்பாலும் ஆகியிருக்கும். நீங்கள் அட்டவணையை முதன்முதலில் திரையில் காட்டியது, தாய்மாமனுக்கு வாட்ஸாப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டு முகூர்த்தத்தன்று அவரை மேடையில் தேடிய கதைதான். அவர் வந்திருக்கமாட்டார். வந்திருந்தாலும் சாப்பிடாமல் போயிருப்பார். "நேரில் வந்து பத்திரிகை வைக்கலையே" என்பார் அத்தை, பத்து வருடம் கழித்தும். கோயம்புத்தூரில் வளர்ந்த உங்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாம்பாளமும் குங்குமச்சிமிழுமாக வீடு வீடாக ஏறி இறங்கும் பெரியம்மாவுக்கு என்ன பதவி இருக்கிறது? அந்தக் கல்யாணம் அவர் கையில்தான் நடக்கும்.

எப்போது ஏறி இறங்குவது என்பீர்கள். அந்த 12:30ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அப்போது நகோயாவில் மாலை 4, ஷ்டுட்கார்ட்டில் காலை 9. ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைக்கால நேரம் நடக்கும் மாதங்களில் நமக்கு அந்தப் பக்கம் மூன்றரை மணி நேரம், இந்தப் பக்கமும் மூன்றரை மணி நேரம். சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் காலை 10 மணிக்கு நகோயாவைக் கூப்பிட்டால் அங்கே சாப்பிட்டு முடித்து 1:30. ஷ்டுட்கார்ட்டில் அப்போது ஆள் எழுந்திருப்பதே சந்தேகம். ஜப்பான்காரர் காலையில் என்ன நினைத்தார் என்பது ஜெர்மன்காரருக்குத் தெரிவதற்கு முன் உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் 4 மணிக்கு நகோயா வீட்டுக்குக் கிளம்பியிருக்கும், ஷ்டுட்கார்ட்டில் மதியம் 12:30. அப்போது அவர்களோடு தனியாகப் பேசலாம். உங்கள் மேலாளருக்குக்கூட இல்லாத வசதி இது. சாப்பாடு ஆறியதைச் சொன்னீர்கள், இதைச் சொல்லவில்லை!

யாரும் யாருக்கும் கீழே இல்லாமல் நடந்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1975இல் நடந்தது. பனிப்போர் முடியாத காலம். அமெரிக்காவின் அப்பல்லோ கலமும் சோவியத்தின் சோயுஸ் கலமும் விண்வெளியில் ஒன்றோடொன்று இணைய வேண்டும். அதுவரை இருந்த இணைப்புக் கருவிகளில் ஒரு கலம் நுழைக்கும், மற்றது வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொள்ளும் பக்கமாக இருக்க இரண்டு நாடுகளுக்கும் மனமில்லை என்பார்கள். பொறியாளர்கள் உட்கார்ந்து, இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு கருவியை உருவாக்கினார்கள். எந்தப் பக்கமும் முன்கை எடுக்கலாம். பேச்சிலும் ஓர் ஏற்பாடு: அமெரிக்கர் ரஷ்ய மொழியில் பேசுவார், ரஷ்யர் ஆங்கிலத்தில் பேசுவார். அடுத்தவர் மொழியில் பேசும்போது யாராக இருந்தாலும் மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகத்தானே பேசியாக வேண்டும்? அமெரிக்கக் கலத்தின் தலைவர் ஸ்டாஃபோர்ட், அங்கே ஒக்லஹோமா மாநிலத்துக்காரர். அவர் பேசிய ரஷ்யனுக்கு 'ஒக்லஹோம்ஸ்கி' என்று பெயர் வைத்தார் சோவியத் கலத்தின் தலைவர் லியோனோவ். ஜூலை 17 அன்று இரண்டு கலங்களும் இணைந்தன.

அதற்காக நீங்கள் ஜப்பானிய மொழி படிக்க வேண்டாம் (படித்தால் நல்லது). நாம் ஆங்கிலம் பேசும் வேகத்தை மட்டும் பாருங்கள். நகோயாவில் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள்கூட நம் பேச்சில் மூச்சுத் திணறுவார்கள். காட்டப்போகும் பக்கங்களை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். அமைதிக்குப் பாதிக் காரணம் கலாச்சாரமே அல்ல, காது.

ஜெர்மன்காரர் விஷயம் எளிது. அவர் 'தப்பு' என்றது அட்டவணையை. உங்களை அல்ல. அன்றைக்கே ஃபோன் போட்டு எந்த வரி தப்பு என்று கேட்டிருந்தால் அரை மணி நேரம் விளக்கியிருப்பார், அப்புறம் சகஜமாக விடுமுறையைப் பற்றிப் பேசியிருப்பார்.

பயிற்சி வகுப்புகளில் நாட்டுக்கு நாடு மதிப்பெண் போட்ட ஒரு பட்டியல் காட்டுவார்கள். மேலதிகாரியிடம் எவ்வளவு பணிவு என்று இந்தியாவுக்கு 77, ஜப்பானுக்கு 54, ஜெர்மனிக்கு 35. ஹோஃப்ஸ்டெட் என்ற டச்சுக்காரர் செய்த வேலை. பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடிப்படை 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் வாங்கிய பதில்கள். அதை வைத்து உங்கள் நான்கு ஜப்பானியரை அளக்காதீர்கள். அவர்களில் ஒருவர் ஜெர்மன்காரரைவிட முகத்துக்கு நேரே பேசுபவராக இருக்கலாம். எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தார்.

கஷ்டமான வீடு நம் வீடுதான். "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று அக்கா கேட்டால் எந்தத் தம்பி முடியாது என்பான்? 'சரிங்க்கா' என்பது மரியாதை. அதை வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டது நம் தப்பு. முடியுமா என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். புதன்கிழமை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து "எதெல்லாம் மிச்சம் இருக்கு, காட்டு" என்று கேளுங்கள். முதல் முறை ஒருவன் "நாலு மிச்சம்க்கா, ரெண்டு ஆகாது" என்று சொல்லும்போது முகம் சுளித்துவிட்டால் போச்சு, அப்புறம் ஜென்மத்துக்கும் சொல்லமாட்டான்.

பதவியைத் தாராளமாகக் கேளுங்கள். இந்த ஏறி இறங்கும் வேலை யார் கண்ணிலும் படாது, அப்ரைசலில் ஒரு வரிகூட வராது. எனக்கு வந்ததில்லை. அதனால் யாரோடு பேசினீர்கள், எந்தத் தேதி அதனால் தவறாமல் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஆனால் பதவி வந்தாலும் ஷ்டுட்கார்ட்டும் நகோயாவும் உங்களுக்குக் கீழே வரப்போவதில்லை.

முதல் வேலையாக ஒன்று சொல்கிறேன். அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். உங்கள் 12:30 அவர்களுக்குக் காலை 8 ஆகிவிடும். 1:30க்கு மாற்றினால் நகோயாவுக்கு மாலை 5. யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அதை மீட்டிங்கில் கேட்காதீர்கள். மூன்று வாரம் முன்பே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேளுங்கள். 1:30 என்று முடிவானால் உங்களுக்கும் சாப்பிட நேரம் கிடைக்கும்.