முகவரி சரி, திறப்பது வேறு தளம்: விண்டோஸை மாற்றினால் தீருமா?

கேள்வி: கருங்கல்லில் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவைக் கடை நடத்துகிறேன். கொஞ்ச நாளாக, பட்டா பார்க்கும் அரசு தளத்தின் முகவரியை குரோமில் அடித்தால் வேறு ஏதோ பக்கம் வருகிறது. பெயரும் போன் நம்பரும் கேட்டு, 99 ரூபாய் கட்டச் சொல்கிறது. ஹிஸ்டரியை அழித்துப் பார்த்தேன். சில நேரம் சரியாக வரும், அப்புறம் பழைய கதைதான். விண்டோஸைப் புதிதாகப் போட்டால்தான் சரியாகும் என்கிறார் சர்வீஸ்காரர். போடட்டுமா சார்?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கோளாறு ரவுட்டரில் இருந்தால் விண்டோஸை எத்தனை முறை மாற்றினாலும் அதே பக்கம்தான் வரும். குரோமில் சேர்த்த எக்ஸ்டென்ஷன் என்ற துணை வசதியில் இருந்தால், புது விண்டோஸில் உங்கள் கூகுள் கணக்கைப் போட்டு சிங்க் ஆனதும் அதுவும் கூடவே வந்து உட்கார்ந்துவிடும். முதலில் கோளாறு எங்கே என்று தெரிய வேண்டும்.

அதுவரை அந்தப் பக்கத்தில் எதையும் நிரப்பாதீர்கள். இணையத்தில் பட்டா, சிட்டா பார்க்கக் கட்டணம் கிடையாது. அசல் தளம் மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகக் கேட்கும். கன்னியாகுமரியைத் தேர்ந்தால் விளவங்கோடு, கல்குளம், கிள்ளியூர் என்று வட்டங்கள் வரும். அதன் முகவரி ‘டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். எடுத்த எடுப்பிலேயே பணம் கேட்கிற பக்கம் அசல் தளம் இல்லை.

இனி சோதனை. அதே முகவரியை, முன்னால் உள்ள ‘எச்டிடிபிஎஸ்’ முதல் கடைசி எழுத்து வரை கையாலேயே அடித்து, மூன்று இடத்தில் திறந்து பாருங்கள்: அதே கணினியில் எட்ஜ் பிரௌசரில், கடை வைஃபையில் உங்கள் போனில், வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில். உங்களுக்குச் சில நேரம் சரியாகவும் வருவதால், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று முறை, வேறு வேறு நேரத்தில் பாருங்கள்.

குரோமில் மட்டும் கோளாறு என்றால், முகவரிப் பட்டியைக் கூர்ந்து கவனியுங்கள். நாலு எழுத்து அடித்ததும் மீதியை அதுவே நிரப்பும். முன்பு ஒரு முறை தவறான தளத்துக்குப் போயிருந்தால் அதையே நினைவில் வைத்து நீட்டும். நாமும் அவசரத்தில் என்டரைத் தட்டிவிடுவோம். அந்த வரிக்கு அம்புக்குறியால் இறங்கி ஷிஃப்ட், டெலீட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போய்விடும். ‘பட்டா’ என்று மட்டும் அடித்தால் அது முகவரி இல்லை, கூகுள் தேடல். அதில் மேலே வருகிற முதல் ஒன்றிரண்டு விளம்பரமாக இருக்கலாம்.

முகவரியை முழுதாக அடித்தும் தவறான பக்கமே வந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி, இன்காக்னிட்டோ என்ற தனி ஜன்னலில் திறந்து பாருங்கள். நாம் தனியாக அனுமதி கொடுக்காதவரை எக்ஸ்டென்ஷன்கள் அதில் ஓடாது, பிரௌசர் முன்பு சேமித்து வைத்த கேஷும் அதில் இல்லை. அங்கே சரியாக வந்தால் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். என் சந்தேகம் எக்ஸ்டென்ஷன் மேல்தான். உங்களைப் போன்ற கடைகளில் பிடிஎஃப் சுருக்க, போட்டோ அளவு மாற்ற என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்திருப்பீர்கள். ‘எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும்’ அது அனுமதி கேட்டிருக்கும், நாமும் சரி என்று சொல்லியிருப்போம். இப்படிப்பட்டவை மாட்டிக்கொள்ளாமல் இருக்க எல்லா நேரமும் திசை மாற்றுவதில்லை, அவ்வப்போது மட்டும் செய்யும். ‘சில நேரம் சரியாக வரும்’ என்று நீங்கள் எழுதியது இதோடு ஒத்துப்போகிறது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நீக்கவே விடாத எக்ஸ்டென்ஷன் ஒன்று இருந்து, குரோம் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற பொருளில் ஒரு வரியும் தெரிந்தால், ஏதோ ஒரு மென்பொருள் குரோமுக்குள் விதி எழுதி வைத்திருக்கிறது. சில ஆன்டிவைரஸ்களும் இப்படிச் செய்யும். அப்படி ஒன்றை நீங்கள் போடவில்லை என்றால் அது வேண்டாத வேலைதான்.

கோளாறு கேஷில் என்றால் ஹிஸ்டரியை மட்டும் அழித்தால் போதாது. ‘இனி நிரந்தரமாக இங்கே போ’ என்று ஒரு தளம் 301 என்ற குறியீட்டில் சொன்னால் பிரௌசர் அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும். அழிக்கும் பட்டியலில் கேஷ் படங்கள், கோப்புகள் என்பதையும் டிக் செய்ய வேண்டும்.

எட்ஜிலும் இதே கதை, போனில் மட்டும் சரி என்றால் கோளாறு விண்டோஸுக்குள். செட்டிங்ஸில், இணையத்தை இடையில் வேறு கணினி வழியாக அனுப்பும் பிராக்ஸி நீங்கள் போடாமலே ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று போய், ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். வழக்கமாக எல்லா வரியும் # குறியில் தொடங்கும். அந்தக் குறி இல்லாமல், ஒரு எண்ணும் பக்கத்தில் தளத்தின் பெயருமாக வரி இருந்தால் யாரோ எழுதியது. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் அதை நீக்க முடியும். கையோடு விண்டோஸ் செக்யூரிட்டியின் ஆஃப்லைன் ஸ்கேனையும் ஓட விடுங்கள். அத்தனைக்கும் அடங்காவிட்டால் மட்டும் சர்வீஸ்காரர் சொன்னதைச் செய்யலாம்.

கடை வைஃபையில் போனும் அதே பக்கத்தைக் காட்டி, மொபைல் டேட்டாவில் சரியாக வந்தால் ரவுட்டரைத்தான் பார்க்க வேண்டும். தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். ரவுட்டரில் அந்த அமைப்பை ஒருவர் மாற்றிவிட்டால் அதில் இணையும் எல்லாக் கருவியும் அவர் காட்டும் இடத்துக்குப் போகும். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற நச்சு மென்பொருள் இதைத்தான் செய்தது. 2011 நவம்பரில் அமெரிக்க எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தபோது, உலகெங்கும் ஏறக்குறைய 40 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தன. கணினியோடு நிற்காமல், ஆரம்ப பாஸ்வேர்டை மாற்றாத ரவுட்டர்களுக்குள்ளும் அது புகுந்தது.

நம் ஊர்ப்பக்கம் கேபிள்காரரே ஃபைபர் இழுத்து ரவுட்டரையும் மாட்டிவிட்டுப் போகிறார். அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டு அப்படியே கிடக்கும். அவரைக் கூப்பிட்டு டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கு மாற்றச் சொல்லுங்கள், அல்லது கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 இரண்டில் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றி, வெளியிலிருந்து நுழையும் ரிமோட் வசதியை அணைக்கச் சொல்லுங்கள். நீங்களாக ரீசெட் பட்டனை அழுத்த வேண்டாம். இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டு அழிந்துபோனால் அவர் வரும்வரை கடையில் நெட் இருக்காது. மாதம் முடிந்து ரீசார்ஜ் செய்யாதபோது எதை அடித்தாலும் கட்டணப் பக்கம் வருவது வேறு, அது கேபிள்காரரின் ஏற்பாடு.

ஒரு சிக்கலும் உண்டு. குரோமில் ‘பாதுகாப்பான டிஎன்எஸ்’ என்பதில் ஏதாவது ஒரு நிறுவனத்தைத் தேர்ந்து வைத்திருந்தால் அது ரவுட்டர் சொல்வதைக் கேட்காது. அப்போது ரவுட்டர் கெட்டிருந்தும் குரோம் சரியாக வரும், எட்ஜ் தவறாக வரும். அதைப் பார்த்து எட்ஜைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

இதற்குள் யாராவது அந்தப் பக்கத்தில் 99 ரூபாய் கட்டியிருந்தால், தொகை சின்னதுதானே என்று விடாமல் உடனே சைபர் மோசடிக்கான 1930 எண்ணில் புகார் சொல்லுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சொல்லி அதை முடக்க வேண்டும். முகவரிப் பட்டி தெரியும்படி அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள், புகாருக்கு அது தேவைப்படும்.