கோடாலி கேள்வி: ஸ்வீடன் சரக்கா, பட்டறை சரக்கா?

போன இதழ்ல கேம்ப் அடுப்பு பத்தி எழுதுறப்போ "விறகு சின்னதா பிளக்க ஒரு கைக்கோடாலி கையில இருக்கட்டும்"னு போற போக்குல ஒரு வரி போட்டிருந்தேன். அடுப்ப பத்தி வந்த கேள்விய விட அந்த ஒத்த வரிக்கு வந்தது தான் ஜாஸ்தி. அதனால இந்த தடவ முழுக்க கோடாலி.

அண்ணா, நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ் மாசம் ஒருக்கா ஏற்காட்டுல தெரிஞ்சவங்க காபி எஸ்டேட்ல டென்ட் போட்டு தங்குறோம். விறகு அவங்களே குடுத்துடுறாங்க, ஆனா எல்லாம் தொடை மொத்தத்துல கட்டை கட்டையா இருக்கு. நெட்ல தேடுனா கிரான்ஸ்ஃபோர்ஸ் வைல்ட்லைஃப், ஃபிஸ்கார்ஸ் எக்ஸ்7, எஸ்ட்விங் ஸ்போர்ட்ஸ்மேன்னு இந்த மூணு பேரு தான் மாத்தி மாத்தி வருது. எத வாங்க? - வாசகர், ஈரோடு

தம்பி, மூணுமே நல்ல சரக்கு தான், மூணும் கிட்டத்தட்ட ஒரே நீளம், சுமார் 35 செ.மீ., ஒரு முழத்துக்கும் கம்மி. ஆனா மூணும் வேற வேற புத்தியில செஞ்சது.

கிரான்ஸ்ஃபோர்ஸ் ஸ்வீடன்ல 1902லேர்ந்து கோடாலி அடிக்கிற பட்டறை. யார் அடிச்சாங்களோ அவங்க இனிஷியல் தலையிலயே குத்தியிருக்கும், அதுக்காகவே வாங்குறவங்க உண்டு. தலை அரைக்கிலோ கூட வராது, ஹிக்கரி மரக் காம்பு, வாய், அதாவது வெட்டுற ஓரம், ஒல்லியா சவரக்கத்தி மாதிரி வரும். குச்சி சீவ, கிளை கழிக்க, முளைக்குச்சி செதுக்க அத மாதிரி ஒண்ணு கிடையாது. உங்க வேல அது இல்லையே, கட்டைய பிளக்கிறது தானே. பிளக்கிறதுக்கு வாய்க்குப் பின்னாடி கன்னம் தடிச்சு ஆப்பு மாதிரி இருக்கணும், அப்பத்தான் உள்ள போகப் போக மரத்த ரெண்டு பக்கமும் தள்ளும். தவிர இங்க வரவழைச்சா பத்தாயிரத்துக்கு மேல ஆகும், காபி எஸ்டேட் ஈரத்துல அத மறந்து வெளிய வச்சுட்டு தூங்கிட்டீங்கன்னா காலையில துருவ பாத்து நெஞ்சு அடைச்சிடும்.

எஸ்ட்விங் அமெரிக்காக்காரன் பண்றது, தலையும் காம்பும் ஒரே இரும்பு, பிடியில தோல் வளையம் வளையமா அடுக்கி வார்னிஷ் அடிச்சிருப்பான். பாக்க ராஜா மாதிரி இருக்கும். தலை கழண்டு பறக்கும்ங்கிற பயமே இல்ல. ஆனா காம்பும் இரும்புங்கிறதால கனம் கைப்பக்கம் வந்துடுது, அடி விழுற இடத்துல பலம் பத்தாது, காஞ்ச கட்டைய ஒரு அரைமணி நேரம் அடிச்சீங்கன்னா அதிர்ச்சி முழங்கை வரைக்கும் ஏறும். வாய் ஒல்லிங்கிறதால கட்டையில சிக்கிக்கிட்டு ஆட்டி ஆட்டி எடுக்கணும். அந்த தோலும் மழைக்கு ஆகாது.

ஃபிஸ்கார்ஸ், ஃபின்லாந்து கம்பெனி, 1649ல ஆரம்பிச்ச இரும்பு ஆலை, அந்த ஊர் பேரே ஃபிஸ்கார்ஸ் தான். எக்ஸ்7ல காம்பு கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக், உள்ள குழல், தலைய சுத்தி அச்சுல வார்த்தே இறுக்கியிருப்பாங்க. காம்பு லேசு, கனம் பூரா தலையில, அதான் சின்ன உருப்படியா இருந்தாலும் அடி நல்லா இறங்கும். மழை, கரையான் எதுவும் காம்ப ஒண்ணும் பண்ணாது. ஒரே குறை, அந்த காம்பு என்னைக்காச்சும் உடைஞ்சா வேற காம்பு போட வழியில்ல, மொத்தமா தூக்கி வைக்க வேண்டியது தான்.

உங்க நாலு பேருக்கு நான் எக்ஸ்7 தான் சொல்லுவேன். ஆனா தொடை மொத்த கட்டைன்னு சொன்னீங்க பாருங்க, அது எந்த மரம்னு மொதல்ல எஸ்டேட்ல கேளுங்க. காபிக்கு நிழல் மரமா வச்சிருக்கிற சில்வர் ஓக்னா பிரச்சனையில்ல, ரேகை, அதாவது மரத்தோட நார் ஓடுற கோடு, நேரா இருக்கும், பட்டுன்னு பிளந்துக்கும். காஞ்ச தைலமரம்னா ரேகை முறுக்கிக்கிட்டு இருக்கும், எந்த கைக்கோடாலியும் அங்க தோத்துடும், அத பச்சையிலயே பிளந்து காய வச்சிருக்கணும். அப்படிப்பட்ட கட்டைக்கு எஸ்டேட்லயே பெரிய கோடாலி இருக்கும், தோட்டத்து ஆள்கிட்ட ரெண்டு தட்டு தட்டிக் குடுக்கச் சொல்லி வாங்கிக்கோங்க, கௌரவம் பாக்காதீங்க.

இன்னொண்ணு, இது பிராண்ட விட முக்கியம். நின்னுக்கிட்டு கைக்கோடாலிய ஓங்காதீங்க. நீளக் கோடாலி குறி தப்புனா மண்ணுல குத்தும், குட்டைக் காம்பு குறி தப்புனா அதே சுத்துல வந்து முழங்கால்ல தான் நிக்கும். முட்டி போட்டு உக்காந்துக்கோங்க, அடியில ஒரு அகலமான கட்டைய போட்டுக்கோங்க. ஓங்கவே வேண்டாம்: விறகோட மேல் முனையில கோடாலி வாய பதிய வச்சு, விறகையும் கோடாலியையும் சேத்துப் பிடிச்சு ரெண்டையும் ஒண்ணா தூக்கி அடிக்கட்டையில ஒரு தட்டு. வாய் கொஞ்சம் உள்ள போயிடும். ரெண்டாவது தட்டுல பாதி. அப்புறம் காம்ப லேசா திருகுனா விறகு தானா பிளந்துக்கும். இப்படி பண்ணா விரலுக்கும் வேல இல்ல ஆஸ்பத்திரிக்கும் வேல இல்ல.

சார், நம்ம ஊர்ல தான் அருவா இருக்கே, எதுக்கு இந்த கோடாலி ஃபேஷன்? - வாசகர், மதுரை

பாதி நியாயம். புதர் ஒதுக்க, மூங்கில் வெட்ட, முள்ளு கழிக்க, இளநி சீவ அருவாதான், அங்க கோடாலி நொண்டும். ஆனா கட்டைய பிளக்கிறப்போ அருவா மெல்லிசு, உள்ள போய் சிக்கிக்கும், அப்புறம் அத வெளிய இழுக்க முதுகுல வேறொரு கட்டையால அடிக்கணும். சமையலுக்கு கட்டைவிரல் மொத்த சுள்ளி போதும்னா அருவா போதும், காச வீணாக்காதீங்க.

நம்ம பட்டறையிலயே நல்ல கைக்கோடாலி கிடைக்கும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டைய காய்ச்சி அடிச்சுக் குடுப்பாங்க, அது நல்ல ஸ்டீல். நான் சில வருஷம் முன்ன ஒரு கடையில "கேம்பிங் ஆக்ஸ்"னு கறுப்பு பெயின்ட் அடிச்சு பளபளன்னு ஒண்ணு வாங்கிட்டுப் போனேன், ரெண்டாவது ராத்திரி ஓங்குனேன், கையில காம்பு மட்டும் இருந்துச்சு, தலை டென்ட் கயித்த அறுத்துக்கிட்டு போய் அந்தப் பக்கம் விழுந்து கிடக்கு. எடுத்துப் பாத்தா காம்பு நுழையுற துளையில அத இறுக்குற ஆப்பே அடிக்கல, ஏதோ பசைய ஊத்தி ஒட்டியிருக்கான்! அதுக்கப்புறம் தான் ஊருக்குப் போய் ஆசாரிகிட்ட தலைய மட்டும் அடிச்சு வாங்கி கருவேலங்காம்பு போட்டேன், இன்னைக்கும் அது தான் ஓடுது.

எதை வாங்குனாலும் காம்போட அடி முனைய திருப்பி பாருங்க. மரத்தோட ரேகை கோடாலி வாய் போற திசையிலயே நீளமா ஓடணும். குறுக்க ஓடுச்சுன்னா என்னைக்காச்சும் பிளந்துக்கும். பெயின்ட் அடிச்ச காம்புல இது எதுவும் தெரியாது, அதனால எனக்கு பெயின்ட் காம்புன்னாலே சந்தேகம்.

அண்ணை, நாங்கள் குடும்பமா அல்கொன்குயின் பார்க்குக்கு காம்பிங் போறனாங்கள். ஒக்டோபர் கடைசியில போகேக்க நல்ல குளிர். கோடாலி கொண்டு போறதில கவனிக்க வேண்டியது ஏதும் இருக்கோ? - வாசகி, டொரன்டோ

இருக்கு தங்கச்சி. உறையுற குளிர்ல ஸ்டீல் நொறுங்குற குணத்துக்கு வந்துடும், கண்ணாடி மாதிரி உறைஞ்ச முடிச்சுல ஓங்கி அடிச்சா ஒல்லி வாயில சில்லு பேந்துடும். வேலைய ஆரம்பிக்க முன்னாடி கோடாலி வாய கொஞ்ச நேரம் கையாலயோ ஜாக்கெட்டுக்குள்ள உறையோட வச்சோ சூடு பண்ணிக்கோங்க, நெருப்புல காட்டிடாதீங்க. உங்களுக்கு வைல்ட்லைஃப் மாதிரி ஒல்லி வாய் வேண்டாம், கொஞ்சம் தடிச்ச வாய் பாருங்க.

வீட்டு விறக வண்டியில ஏத்திக்கிட்டு போகாதீங்க. ஆஷ் மரத்த சாகடிக்கிற மரகதப் பச்சை வண்டு விறகு வழியா தான் ஊர் ஊரா பரவுது. பார்க் பக்கத்துலயே விறகு விப்பாங்க. நிக்கிற மரத்துல கோடாலியே வைக்கக்கூடாது.

மேகமலை, குரங்கணி பக்கம் ட்ரெக் போறப்போ பேக்ல கைக்கோடாலி வச்சுக்கலாமா? - வாசகர், தேனி

கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ள எழுத்துல அனுமதி இல்லாம ஆயுதத்தோட போறது குத்தம், அந்த சட்டத்துல ஆயுதம்னா கத்தியும் அடக்கம். நெருப்பு மூட்டுறதும் குத்தம். 2018 மார்ச்ல குரங்கணியில காட்டுத்தீயில மாட்டுன ட்ரெக்கிங் பசங்க 23 பேர் செத்தத உங்க ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லணுமா. காட்டுல நெருப்பே கிடையாதுன்னா கோடாலிக்கு அங்க என்ன வேலை?

மழுங்கிடுச்சு, ரோட்டோரம் மெஷின்ல சாணை பிடிக்க குடுக்கலாமா? காம்பும் லேசா ஆடுது, தண்ணியில ஊறப் போட்டா டைட் ஆயிடும்ங்கிறாங்க. - வாசகர், பொள்ளாச்சி

மெஷின்ல குடுத்தா பக்கத்துலயே நில்லுங்க. பொறி பறக்க அழுத்திப் பிடிச்சான்னா வாய் ஓரம் நீலம் பூத்துடும், நீலம் பூத்துச்சுன்னா அந்த இடத்துல பதம் போச்சு, எத்தன தடவ தீட்டுனாலும் நாலு வெட்டுல மடங்கிடும். அடிக்கடி தண்ணியில முக்கி முக்கி பிடிக்கச் சொல்லுங்க. என்னைய கேட்டா ஒரு தட்டை அரம், ஒரு சாணைக்கல் வாங்கிக்கோங்க. கோடாலிய தொடைக்கு நடுவுல இல்ல, பெஞ்சுல க்ளாம்ப் போட்டு, கையில க்ளவுஸ் மாட்டிக்கிட்டு அரத்த தள்ளுங்க. அரம் லேசா கடிச்சு இழுத்தா ஸ்டீல் சரியான பதத்துல இருக்கு, கண்ணாடியில போற மாதிரி வழுக்குனா ரொம்ப கடினம், அடிச்சா சில்லு பேந்துடும். அப்புறம் கல்லுல சின்னச் சின்ன வட்டமா தீட்டுங்க. பிளக்கிற கோடாலிக்கு சவரக்கத்தி கூர் வேண்டாம், பேப்பர் வெட்டி வீடியோ போடுறதெல்லாம் சும்மா.

தண்ணி வைத்தியம் ஒரு நாளைக்குத் தான். ஊறுனா மரம் ஊதும், ஆனா இரும்புத் துளைக்குள்ள ஊத இடமில்லாம நாரு நசுங்கிடும், காஞ்சதும் முன்ன விட லூஸ் ஆயிடும். மேல இருக்கிற ஆப்ப இன்னும் கொஞ்சம் இறக்கிப் பாருங்க, நிக்கலைன்னா பழச எடுத்துட்டு புது ஆப்பு. அதுக்கப்புறம் தலைய ஒரு ராத்திரி ஆளிவிதை எண்ணெயில தலைகீழா நிறுத்தி வைங்க, எண்ணெய் குடிச்ச மரம் லேசுல சுருங்காது. எண்ணெய் துடைச்ச துணிய மட்டும் சுருட்டி மூலையில போட்டுறாதீங்க, அது தானா சூடேறி பத்திக்கும். விரிச்சு வெளிய காயப் போடுங்க.