இசை கேள்வி-பதில்: துக்கத்துக்கு மெட்டு போடும்போது

கேள்வி: நாட்டையே உலுக்கிய ஒரு விபத்தைப் பற்றிப் பாட்டு எழுதியிருக்கிறோம். நடந்து நாலு நாள்தான் ஆகிறது. உடனே வெளியிடலாமா, பொறுப்பதா?

பதில்: அது எந்த வகைப் பாட்டு என்பதைப் பொறுத்தது. 1970 மே 4-ல் அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றிப் பாடகர் நீல் யங் எழுதிய 'ஒஹையோ' பாட்டு மே 21-லேயே ஒலிப்பதிவாகிவிட்டது. கோபப் பாட்டு ஆறினால் ருசிக்காது. அஞ்சலிப் பாட்டு அப்படியல்ல. 1962 போரில் இறந்த வீரர்களுக்காகக் கவி பிரதீப் எழுதி, சி. ராம்சந்திரா இசையமைத்த பாட்டை லதா மங்கேஷ்கர் டெல்லியில் பாடியது 1963 ஜனவரி 27-ல், போர் நின்று இரண்டு மாதம் கழித்து.

உங்களுடையது விபத்து. விசாரணை முடியாமல் யார்மீதும் பழி போடும் வரி வேண்டாம். இறந்தவர் எண்ணிக்கையையும் வரியில் வைக்காதீர்கள்; முதல் வாரத்தில் அது மாறிக்கொண்டே இருக்கும், பாட்டை மாற்ற முடியாது. பழி, எண்ணிக்கை இரண்டும் இல்லாத அஞ்சலி என்றால் நாலாம் நாளும் வெளியிடலாம்.

கேள்வி: வரிகள் உருக்கமாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் கேட்பவர்களுக்கு ஒட்டவில்லை. ஏன்?

பதில்: நீங்கள் அனுப்பிய பல்லவி: 'தீபம் அணைந்தது, தேசம் இருண்டது.' இதை எந்தத் துயரத்துக்கும் பாடலாம், அதுதான் கோளாறு. 'வாசலில் இன்னும் அவன் செருப்பு' என்று பாடிப் பாருங்கள். தீபமும் தேசமும் தேவைப்படாது. பாட்டுக்குச் செருப்பு போலக் கண்ணில் தெரியும் ஒரு பொருள், அதிகம் போனால் இரண்டு. பத்துப் பொருளை அடுக்கினால் பட்டியலாகிவிடும். அந்தப் பொருள் உண்மையில் ஒரு குடும்பத்துடையது என்றால், அவர்கள் சம்மதம் இல்லாமல் தொடாதீர்கள்.

ராகத்தைப் பற்றியும் ஒரு சொல். சிவரஞ்சனியையோ சுபபந்துவராளியையோ எடுத்த உடனே சினிமாச் சாவுக் காட்சி நினைவுக்கு வந்துவிடுகிறது. வரியும் அழுது, ராகமும் அழுது, வயலினும் அழுதால் கேட்பவர் அழ இடமேது? நீலாம்பரி போன்ற தாலாட்டு ராகத்தில் ஒருமுறை முயன்று பாருங்கள்.

கேள்வி: ஒத்திகையில் நன்றாகப் பாடும் பாடகி, நினைவேந்தல் மேடையில் பல்லவிக்கு அடுத்து வரும் அனுபல்லவியிலேயே குரல் உடைந்து நின்றுவிட்டார். அடுத்த முறை எப்படித் தவிர்ப்பது?

பதில்: அழுகை வரும்போது தொண்டைத் தசைகள் இறுகும், மூச்சு மேலோடு நிற்கும். முதலில் கைவிட்டுப் போவது உச்ச ஸ்வரங்கள்தான். அதனால் வழக்கமான சுருதியிலிருந்து அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்குங்கள். மெட்டு மொத்தமும் ஒரு ஸ்தாயிக்குள், அதாவது ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரைக்குள், அடங்கட்டும். மிகவும் வலிக்கும் சொல் உச்சியில் வரக்கூடாது. 'அம்மா' மேல் ஸட்ஜத்தில் ('ஸ') இருந்தால் மத்திமத்துக்குக் ('ம') கீழே கொண்டுவாருங்கள்.

வேகம் நிமிடத்துக்கு 66 முதல் 72 தட்டு வரை. 55-க்குக் கீழே போனால் ஒவ்வொரு வரியையும் நீட்டிப் பிடிக்க வேண்டும், உடைந்த மூச்சுக்கு அது தாங்காது. வரிக்கு வரி இரண்டு தட்டு இடைவெளி எழுதியே வையுங்கள். உடைக்கும் வரியை மட்டும் தனியே எடுத்து, முப்பது முறை, முதலில் பேச்சாக, பிறகு மெட்டோடு சொல்லவையுங்கள். சொல் கொஞ்சம் மரத்துப்போகும்.

மேடையில் முன்வரிசையில் குடும்பத்தார் இருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல், கடைசி வரிசைக்கு மேலே ஒரு புள்ளியைப் பார்க்கட்டும். பக்கத்தில் இன்னொரு குரல், மைக் திறந்தபடி, தயாராக இருக்க வேண்டும். குரல் உடைந்தால் அவர் அடுத்த வரியை எடுப்பார், வாத்தியம் நிற்காது. முடிந்ததும் தம்புராவை 15 விநாடி ஒலிக்கவிட்டு மெல்லக் குறைத்தால் கைதட்டல் தானாக அடங்கும்.

தாளவாத்தியத்தில் திடீர் அடி வேண்டாம். குண்டுவெடிப்பில் தப்பியவர்கள் அரங்கில் இருக்கலாம்.

கேள்வி: பழைய மெட்டில் புது வரி போட்டால் மரியாதைக் குறைவா?

பதில்: இல்லை. எல்டன் ஜான் 1997-ல் டயானாவின் இறுதிச் சடங்கில் பாடியது 1973-ல் வந்த பாட்டுதான். பெர்னி டாப்பின் வரிகளை மாற்றிக் கொடுத்தார். மெட்டு தெரிந்ததாக இருந்தால் கூட்டம் உடனே சேர்ந்துகொள்ளும். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: பாட்டின் வருமானத்தை நிவாரணத்துக்குக் கொடுக்க எண்ணம். கவனிக்க வேண்டியது?

பதில்: பணம் போகும் வழியை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் ஒலிப்பதிவுக்குப் போங்கள். 1971 ஆகஸ்ட் 1-ல் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சி நடத்தினார்கள். டிக்கெட் வசூல் சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃப்புக்குப் போனது. இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெருந்தொகையோ ஆண்டுக்கணக்கில் வரிச் சிக்கலில் முடங்கியது. முன்கூட்டியே வரிவிலக்குக்கு விண்ணப்பிக்காததுதான் காரணம்.

ஆகவே பதிவுபெற்ற ஓர் அமைப்பைத் தேர்ந்து, அதன் கணக்குக்கே பணம் நேராகப் போகும்படி ஒப்பந்தம் செய்யுங்கள். கவிஞர், இசையமைப்பாளர், பாடகர், வாத்தியக்காரர் நால்வரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திட வேண்டும். விடுபடுவது பெரும்பாலும் வாத்தியக்காரர்தான். 'வருமானம் முழுவதும்' என்று அறிவிக்கிறீர்களா, 'செலவு போக' என்றா? ஸ்டுடியோ வாடகை யார் தலையில் என்று தெரியாமல் முதல் சொல்லை அச்சிட்டுவிடாதீர்கள்.